அசல் அம்மா மாதிரியே

எட்டு மாதக் குந்தவியின் அம்மா திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினாள். இனி பகலில் குழந்தைக்குப் பவுடர் பால்தான் என்று முடிவானதும், சமையல் மேடையில் இருந்த புதுப் புட்டிக்குத் தலைகால் புரியவில்லை.

"என் நிப்பிள் அசல் அம்மா மாதிரியே இருக்குமாம். கடைக்காரரே சொன்னார்" என்று பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரிடம் பீற்றிக்கொண்டது.

"பார்க்கலாம் தம்பி" என்றது டம்ளர்.

அப்பா புட்டியை நீட்டினார். குந்தவி நாக்காலேயே நிப்பிளைத் தள்ளினாள். மறுபடி நீட்டினார். அவர் சட்டையெல்லாம் துப்பினாள். அலுத்துப்போய் அவர் டம்ளரில் காபி குடிக்க உட்கார்ந்தால், அதற்குத் தாவினாள். டம்ளரைக் கழுவி, பவுடர் பாலை ஊற்றி, மெல்லச் சாய்த்துப் புகட்டினார். சொட்டு விடாமல் குடித்தாள்.

அன்றைக்கு டம்ளரின் அலட்டல் தாங்கவில்லை. "இனிமேல் அவளுக்கு அம்மாவே நான்தான்!"

புட்டி வெட்கத்தில் மூடியை இழுத்துப் போட்டுக்கொண்டது.

மாலை ஐந்தரைக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. குந்தவி வாயிலிருந்த டம்ளரைத் தட்டிவிட்டு, அம்மாவிடம் தாவி நெஞ்சில் முகம் புதைத்தாள். டம்ளர் டணடணவென்று உருண்டு மேடையடியில் வந்து நின்றது.

புட்டி மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தது.

"என்ன அண்ணே, ஷிப்ட் முடிஞ்சுதா?"