ஊதாத விசில்

தொற்று பரவிய மாதங்களிலும் அந்த டவுன் பஸ் நிரம்பித்தான் ஓடியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு விசில் ஊதினார். பக்கத்தில் நின்றவர்கள் அவர் முகத்திலேயே இருமினார்கள்.

"எங்க டிரைவரைச் சுத்தி பிளாஸ்டிக் திரை போட்டாச்சு. உன் ஆளுக்கு என்ன இருக்கு?" என்றது ஹாரன்.

"ஒரு துணி இருக்கு. அதையும் நான்தான் இறக்க வைக்கிறேன்," என்றது விசில்.

அடுத்த நிறுத்தத்தில் விசில் தன் வயிற்றுக்குள் உருளும் சிறு உருண்டையால் துளையை அடைத்துக்கொண்டது. கண்டக்டர் கன்னம் உப்ப ஊதியும் சத்தம் வரவில்லை. அலுப்போடு அதைச் சட்டைப்பையில் போட்டு, மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் கிளம்பியது.

"இனி உனக்கு வேலையே இல்லையே," என்றது ஹாரன்.

"நோய் போனதும் என்னை ஊத அவருக்கு மூச்சு இருக்கணும்," என்றது விசில், பைக்குள்ளிருந்து.