சொந்த ஊர்

"உங்கட சொந்த ஊர் எது?"

துரை இங்கிலீஷில் கேட்டதை, பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

வீரமலைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அவன் பெண்சாதி அவனுக்குப் பின்னால் நின்றாள். முந்தானையில் முடிந்து கொண்டுவந்த பிறப்புச் சீட்டுகள் கைவியர்வையில் நனைந்துகொண்டிருந்தன. உயிரோடு இருக்கிற மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று. எல்லாம் இலங்கையில், இந்தத் தோட்டத்தில் பதிந்தவை. அவற்றை யாரும் கேட்கவில்லை.

"துறையூருக்குப் பக்கத்துல, ஆலம்பட்டிங்க."

அதோடு விட்டானா மனுஷன்? ஊர்க்கோடியில் கருப்பு கோயில், கோயிலுக்கு எதிரே ஏரி, ஏரிக்கரையில் நாலு பனைமரம். நேற்றுத்தான் அந்த ஏரியில் குளித்துவிட்டு வந்தவன் மாதிரி அடுக்கினான். அவன் கடலையே பார்த்ததில்லை. பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்து வரிசையில், எட்டாம் காம்பராவில். எல்லாம் செத்துப்போன அப்பன் சொல்லக் கேட்டது.

அந்த அப்பனும் பார்த்ததில்லை.

துரை ஒரு வரி எழுதினார். தாளைத் திருப்பிப் போட்டார்.

"சரி, போகலாம்."

பிரஜாவுரிமை விசாரணை முடிந்தது. ஒரு வாய் வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

வீரமலை பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு முன்னால் போனான். மொழிபெயர்ப்பாளர் அவளோடு வாசல்வரை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்தத் தோட்டமெண்டு சொல்லியிருக்கலாமே, அம்மா. நிரந்தரமா இருக்கிற இடம் எதெண்டுதான் துரை கேட்டவர். இந்தியாவெண்டு எழுதியாச்சு. இனி உங்களுக்கு இஞ்ச உரிமை இல்லை."

அதை 'சொந்த ஊர்' என்று கேட்டது அவர்தான். அவருக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. விடியற்காலைப் பனியில் கொழுந்து பறிக்கும்போது விரல் மரத்துப்போகுமே, அப்படி நெஞ்சுக்குள் மரத்துப்போனது.

ஊர் என்றால் தோட்டத்துச் சனங்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம்தான். இருக்கிற இடத்தை யார் ஊர் என்றார்கள்? இருக்கிற இடம் தோட்டம், அவ்வளவுதான். ஏழாம் நம்பர் மலையில் மூத்த பிள்ளையைப் புதைத்து, மேலே ஒரு தேயிலைக் கன்று நட்டார்கள். அந்தக் கன்று இன்று இடுப்புயரச் செடி. அவளே அதில் கொழுந்து பறிக்கிறாள்.

அதையும் அவள் ஊர் என்று சொன்னதில்லை.

வெளியே பெஞ்சில் அவளுடைய தம்பி மருதை. இரவல் கோட்டு. எண்ணெய் வழிய வாரிய தலை. அடுத்த ஆள் அவன்தான்.

"என்ன மச்சான் கேட்டாங்க?"

"ஊரைத்தாண்டா கேட்டாங்க. தங்கமான மனுஷன். பயப்படாம விவரமாச் சொல்லு."

பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் உயிர் வந்தது. இவ்வளவுதானா! ஆளாளுக்கு ஊர்ப்பேரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் குலசாமி பேரையும் சேர்த்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து மருதையின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் அவன் கோட்டைப் பிடித்தாள்.

"தம்பி, ஊர் இல்லைன்னு சொல்லிருடா."

அவன் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"என்னக்கா நீ? நான் என்ன ஊர் பேர் இல்லாதவனா?"

ஏன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மறுபடியும் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கோட்டு அவள் விரல்களிலிருந்து நழுவிப் போனது.

கதவை அவர்கள் சாத்தவில்லை. உள்ளே அதே கேள்வி. அதே குரல்தான், இந்த முறை கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்தது. மேற்கொண்டு ஏதோ சொல்லவும் வாயெடுத்தது.

மருதை அதற்கு இடம் வைக்கவில்லை.

"முசிறிப் பக்கம், வேலாயுதம்பட்டிங்க!"

கணீரென்று கேட்டது.

வீரமலை அவளைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினான்.

"பரவால்லையே. உன் தம்பி திக்காமச் சொல்றான்."