அப்கிரேடு கிடைக்காத டிக்கெட்

வீட்டிலிருந்து புனே விமான நிலையம் வரை, எந்த டிக்கெட்டுக்கு அப்கிரேடு கிடைக்கும் என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டே வந்தார் பத்ரிநாத். பிம்ப்ரி கம்பெனி வேலையாக ஆறு வருடம் பறந்து சேர்த்த பாயின்ட்டுகள் இன்று பலிக்க வேண்டும்.

பலித்தது. கவுன்டர் பெண் அவருக்கு பிசினஸ் கிளாஸ் உறுதி என்றாள். "மேடத்தோடது விலை குறைஞ்ச சேவர் டிக்கெட். அதற்கு அப்கிரேடு கிடையாது."

பத்ரிநாத் திடுக்கிட்டார். "தர்மா, எகானமியிலேயே சேவர் மட்டும் எடுக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"தனித்தனியா புக் பண்ணினேனா, தப்பாப்போச்சு" என்றாள் தர்மாம்பாள்.

"அப்போ நானும் பின்னாடியே உக்காந்துக்கறேன்."

"அதெல்லாம் வேண்டாம். ஆறு வருஷ ஆசை, நீங்க போங்கோ. சிங்கப்பூர் அஞ்சு மணி நேரம்தானே, நான் சமாளிச்சுக்கறேன்."

அகலமான இருக்கையில் கால் நீட்டியபோது அவருக்குக் கண் கலங்கியது. விமானம் கிளம்புமுன் மகள் வைஷுவுக்குப் போன் போட்டார்.

"அம்மா பாவம்டி. தெரியாம சேவர் எடுத்துட்டு, எனக்காக விட்டுக்கொடுத்துட்டா."

"தெரியாமலா?" வைஷுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எந்த டிக்கெட்டுக்கு அப்கிரேடு கிடைக்காதுன்னு என்கிட்ட ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிண்டுதான் எடுத்தா. பக்கத்துல யாரும் விளக்கம் சொல்லாம, ப்ளேன்ல ஒரு படமாவது முழுசா பாக்கணுமாம்பா."