வாயில்லா ஜீவன்

“பெருசா வேணாம். விரல் தடிமன் இருந்தாப் போதும்” என்றாள் துமிரா.

விலாங்கு மீன் விற்பவள் வாளிக்குள் கையை விட்டுத் துழாவினாள். “போன வாரம் கோழிக்கடையில நின்னீங்க, முந்தாநாள் காடை வாங்கினீங்க, இன்னைக்கு விலாங்கா? மருமகளுக்கு மசக்கையா அக்கா? நாக்கு இந்த ஆட்டம் ஆடுதே!”

துமிரா காசைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டாள். தெரிந்தவர்கள் கண்ணில் படக் கூடாதென்றுதான் அவள் இரண்டு கிராமம் தள்ளி இந்தச் சந்தைக்கு வருகிறாள்.

வீட்டு வாசலில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். பெயர் விபோவோ. பாம்பு வளர்ப்பதில் கைதேர்ந்தவன் என்று யாரோ நம்பர் கொடுத்திருந்தார்கள். மகனுடைய பாம்பு சாப்பிட மாட்டேன் என்கிறது என்று அவள் போனில் கெஞ்சியதற்காகப் பிளிதார் நகரத்திலிருந்து வண்டியோட்டி வந்திருந்தான்.

“ரெண்டு மாசமாச்சு தம்பி. எலி வெச்சேன், கோழிக்கழுத்து வெச்சேன், காடை வெச்சேன். எதுக்கும் வாயத் திறக்க மாட்டேங்குது.”

“மலைப்பாம்பு அப்படித்தாம்மா. ஆறு மாசம்கூடச் சும்மா கெடக்கும். பயப்படாதீங்க.”

பின்னறையில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. மேலே போர்த்தியிருந்த துணியை அவள் விலக்கியதும் விபோவோ இரண்டடி பின்னால் போனான். உள்ளே ஒரு ராஜநாகம் இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்று அவனையே பார்த்தது.

“என்னம்மா இது! மலைப்பாம்புன்னுல்ல நெனச்சேன்?”

“நான் பாம்புன்னுதான் சொன்னேன் தம்பி.”

அவன் மூச்சை இழுத்து விட்டான். “இது பாம்பைத் தின்னுற பாம்பும்மா. எலியும் காடையும் வெச்சா எப்படித் திங்கும்? உங்க பையன் என்ன குடுத்துட்டிருந்தாரு?”

“வயல்ல கெடக்குற பாம்பு. விலாங்கு பிடிக்கிறவங்க கொண்டாந்து குடுப்பாங்க. அஜி ஃபிரிட்ஜ்ல வெச்சிருந்தது ஒரு மாசத்துக்கு ஓடுச்சு. அவன் போனப்புறம் இந்த வாசலை யாரும் மிதிக்கறதில்ல. அவன் கூட்டாளிங்ககூட வர்றதில்ல.”

“வீட்டுக்காரர்?”

“தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாரு. இது இருக்கற வீட்ல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்னுட்டாரு.”

விபோவோ சிரித்துவிட்டான். “எங்க வீட்லயும் இதே கதைதாம்மா. என் பொண்டாட்டி மாசத்துக்கு ஒருவாட்டி பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவா.”

அவள் சிரிக்கவில்லை. அவன் வேலையைத் தொடங்கினான்.

தன் பையில் எப்போதும் வைத்திருக்கும், சாரைப்பாம்பு உரித்துப்போட்ட சட்டையை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்தான். விலாங்கைக் கொன்று, பாம்பு வாசனை ஏறும்படி அந்தச் சட்டையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தான். பிறகு தொட்டியின் மேல்மூடியில் இருந்த சின்னத் திறப்பு வழியாக, கையைவிட நீளமான இடுக்கியில் அதை உள்ளே இறக்கினான்.

நாகம் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அவன் விலாங்கை வெளியே எடுத்து, ஊறிய சட்டையையே அதன்மேல் சுற்றி மறுபடி இறக்கினான். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவன் இடுக்கியை மறு கைக்கு மாற்றினான். சட்டென்று இடுக்கி அதிர்ந்தது.

“புடிச்சிருச்சும்மா! முழுங்குது, பாருங்க!”

துமிரா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். “வேணாம் தம்பி. முழுங்கினாச் சரி.”

வேலை முடிந்ததும் முன்பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். அவள் தேநீரும் பொரித்த வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தாள்.

“அடுத்த வாரம் இதே வாசனையில கோழிச்சதை குடுத்துப் பார்க்கலாம். அதுக்கப்புறம் எலி. மாத்தி மாத்திப் பழக்கணும். ஒண்ணையே குடுத்தா மறுபடி அடம் பிடிக்கும்” என்றான் விபோவோ. பிறகு தயங்கினான். “தப்பா நெனைக்காதீங்கம்மா. ஏறெடுத்துப் பார்க்கக்கூட உங்களால முடியல. அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?”

“ஆஸ்பத்திரில என் கையைப் புடிச்சிட்டுச் சொன்னான். ‘அதைப் பட்டினி போட்டுறாதம்மா. அப்பாகிட்ட விட்டுறாத. அது என்ன பண்ணும், வாயில்லா ஜீவன்’னான். வர்ற வியாழக்கிழமையோட அவன் செத்து நூறு நாள் ஆவுது.”

என்ன நோயோ என்று நினைத்தபடி விபோவோ கோப்பையைக் கீழே வைத்தான்.

“பையன் மேல இருக்கற பாசம் புரியுதும்மா. ஆனா இதை வெச்சுக்கிட்டு நீங்க தனியா இருக்கக் கூடாது. எங்கிட்டக் குடுங்க, உசுரா வெச்சுப் பார்த்துக்கறேன். இதோட வெஷம் என்னன்னு உங்களுக்குத் தெரியாது. ஒருவாட்டி கை தவறினாப் போதும். பக்கத்துல எங்கயும் மருந்துகூடக் கெடையாது.”

துமிரா அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள்.

“தெரியும் தம்பி. அஜி நாலு மணி நேரந்தான் தாங்குனான்.”