ஒரு லிட்டர் ஜாஸ்தி

"த்தூ! அணைச்சுத் தொலைடா!"

தேவசகாயம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார். துப்பியும் நாக்கில் ஒட்டிய கசப்பு போகவில்லை. உட்கார்ந்து ஓட்டுகிற அந்தப் புல்வெட்டும் வண்டி, ஷெட்டு முழுக்க வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நின்றது.

பச்சைமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில் அவன் புதிதாகச் சேர்ந்த டிரைவர். வண்டி மக்கர் செய்ததும், தன் ஊரான வளவனூரில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் தேவசகாயத்தைத்தான் கூப்பிட்டிருந்தான்.

"இஞ்சின் பூடுச்சாண்ணே? நாளைக்குப் பட்டமளிப்பு விழா. கிரவுண்டுல புகை வந்துச்சுன்னா வேலைக்கே வராதேன்னு பிரின்சிபல் அம்மா சொல்லிட்டாங்கண்ணே."

"சும்மா இருடா. பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருந்தா இஞ்சினையே பிரிக்கணும். பார்க்கலாம்."

முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, தரையில் படுத்து அடியில் டார்ச் அடித்தார் தேவசகாயம். பிளேடு மூடியில் கறுப்பாகச் சேறு அப்பியிருந்தது. அதில் தலைமுடி, ஊறிப்போன சோறு, இன்னும் என்னென்னவோ. குமட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"கருமம்! இது புல்லு வெட்டுற வண்டியா, சாக்கடை வார்ற வண்டியா? பேருக்குக்கூட ஒரு புல்லு இல்லியேடா!"

"ஹாஸ்டலுக்குப் பின்னாடி ஓட்டச் சொல்றாங்கண்ணே. அங்க ஏது புல்லு, சாக்கடைத் தண்ணிதான் கெடக்குது. நமக்கு இன்னா, ஓட்டுடான்னா ஓட்டிக்கினு போறேன்."

ஹாஸ்டல் என்றதும் தேவசகாயத்தின் கை நின்றது. அவர் மகள் ரோஜா அங்கே தங்கித்தான் படிக்கிறாள். இப்போது டெங்கு வந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அங்கிருந்துதான் நேராக இங்கே வந்திருந்தார்.

"பாப்பாவுக்கு இப்ப எப்பிடிண்ணே கீது?"

"ரத்த அணு இன்னும் ஏறலடா. டாக்டரு வாயே தொறக்க மாட்டேங்கிறாரு."

"ஹாஸ்டல்ல கொசு ஜாஸ்திண்ணே."

"காலேஜைக் குத்தம் சொல்லாதேடா. வாரா வாரம் கொசு மருந்துப் புகை அடிக்கிறாங்க. பெத்தவங்க குரூப்புல போட்டோ வருது, ஹாஸ்டலே தெரியாத அளவுக்குப் புகை. எல்லாம் என் கடையால வந்த வினை."

பச்சைமுத்து புரியாமல் பார்த்தான்.

"பழைய டயருல மழைத் தண்ணி தேங்கிக் கெடந்துது. காலேஜு மேனேஜரு சீனுவாசன் சாரே போன்ல கேட்டாரு, 'மெக்கானிக் கடைன்னா டயரு கெடக்குமே, லீவுக்கு வந்தப்ப அங்கதானே கடிச்சிருக்கும்'னு. சொந்தப் புள்ளைக்கு நானே எமனாயிட்டேன்."

மறுநாளே டயர்களை எல்லாம் அள்ளிப் பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிட்டார். ஆனாலும் மனைவி லூர்துமேரி அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவருக்கே தன்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கண்ணாடி முன் நின்று ஷேவ் பண்ணி ஒரு வாரமாகிறது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். கோட்டைத் தாண்டி, கம்பியின் கழுத்துவரை ஆயில் வழிந்தது.

"எந்த முட்டாப்பய இப்பிடி ஊத்துனான்?"

"நான்தாண்ணே ஊத்துனேன். மேனேஜரு சொன்னாரு, ஒரு லிட்டரு ஜாஸ்தியா ஊத்துடா, இஞ்சின் சூடாவாதுன்னு. குறையக் குறைய ஊத்திக்கினே இருக்கணுமாம்."

"நல்லாச் சொன்னாரு போ! வயித்துல எடமில்லாம சோத்தைத் திணிச்சா வாந்திதான் வரும். ஜாஸ்தி ஆயிலு உள்ள பூந்து எரியுது, அதான் புகை. இஞ்சினுக்கு ஒரு கேடும் இல்ல."

கூடுதல் ஆயிலை வடித்தார். ஆயிலில் ஊறிக் கிடந்த ஏர் ஃபில்டரை மாற்றி, பிளக்கைத் துடைத்து மாட்டினார். பச்சைமுத்து கர்த்தரையும் மாரியாத்தாளையும் ஒன்றாகக் கும்பிட்டுச் சாவியைத் திருப்பினான்.

வண்டி இரண்டு முறை இருமியது. மிச்சமிருந்த புகையைக் கொஞ்ச நேரம் விட்டது. பிறகு சைலன்சரில் வெறும் காற்றுதான் வந்தது.

"அண்ணே! உங்க கையைக் காட்டுங்கண்ணே, முத்தம் கொடுக்குறேன்!"

"சீ, போடா. கையெல்லாம் சாக்கடை."

சொல்லிவிட்டுத் தேவசகாயம் சிரித்தார். மகளைப் படுக்கையில் பார்த்த நாளிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். ஒன்றையாவது சரி செய்ய முடிந்ததே என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து, கையில் செல்போனை நீட்டிப் பிடித்தபடி மேனேஜர் சீனுவாசன் ஷெட்டுக்குள் வந்தார். இருட்டு மூலையில் கை துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கை அவர் கவனிக்கவில்லை. ஓடுகிற வண்டியைப் பார்த்தார், சைலன்சரைப் பார்த்தார், முகம் வெளிறிவிட்டது.

"யோவ் பச்சைமுத்து, எவன்யா புகையை நிறுத்துனது? ஹாஸ்டலுக்குக் கொசு மருந்து அடிக்கிற போட்டோவை இன்னிக்கு நான் எப்பிடிய்யா எடுக்கிறது?"