துண்டு போட்ட சீட்டு

"இன்னாம்மா, உன் புரோகிராம் வாராவாரம் என் பஸ்ஸுல ஒரு சீட்டைத் துன்னுது!"

தேவசேனா செருப்பைக் கழற்றுவதற்குள் கன்னையா ஆரம்பித்துவிட்டார். சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவருடைய டிராவல்ஸ் ஆபீஸ். பெங்களூருக்கு அவருக்கு மூன்று பஸ்கள் ஓடின. ஆன்லைனில் சீட்டு எடுக்கும் வெப்சைட்டைத் தேவசேனாதான் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"உக்காந்து சொல்லுங்க சார். இன்னா ஆச்சு?"

"இன்னா ஆச்சா? ஞாயித்துக்கெழம நாலு மணி பஸ்ஸு. பெங்களூர்ல வேலை பாக்கற பசங்க எல்லாம் லீவு முடிஞ்சி திரும்பற நேரம். சீட்டுக்கு அடிச்சிக்கிறாங்க. எல்லாம் போயிடுது. ஒண்ணு மட்டும் 'புக் ஆகிக்கொண்டிருக்கிறது'ன்னே காட்டிக்கினு கெடக்குது. பஸ்ஸு கெளம்பற வரைக்கும் புக் ஆவறதே இல்ல. கடைசில காலியாத்தான் போவுது. ஒரு மாசமா இதே ரோதனை."

"எப்பவும் ஒரே சீட்டா?"

"இல்லியே. வாரத்துக்கு ஒண்ணு. அதான் உன் புரோகிராம் கோளாறுன்றேன்."

தேவசேனா பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். நகரியில் தறி ஓட்டும் வீட்டுப் பெண் அவள். சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தாள். ஆட்குறைப்பில் அந்த வேலை போனதும், திருப்பதியில் ஒரு சின்ன அறையைப் பிடித்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தாள். கன்னையாதான் முதல் வாடிக்கையாளர். இன்னும் சில பஸ் முதலாளிகள், அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்தால் பார்க்கலாம் என்று காத்திருந்தார்கள்.

அதைத் திறந்து மேசைமேல் வைத்தாள்.

"சார், ஒருத்தர் சீட்டைத் தொட்டதும் டேட்டாபேஸ் அதைத் தற்காலிகமா குறிச்சி வெச்சிக்கும். ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் பிடிக்கறோம் இல்ல, அந்த மாதிரி. பத்து நிமிஷத்துக்குள்ள பணம் கட்டலன்னா அது தானா அழிஞ்சிடும். சீட்டு அடுத்தவங்களுக்குப் போயிடும்."

"எங்க அழியுது? நீயே பாரு!"

அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. பஸ் வந்து வாசலில் நின்றுவிட்டது. கவுன்ட்டருக்கு முன்னால் பையும் கையுமாகச் சிலர் நின்றிருந்தார்கள். திரையில் இருபத்திரண்டாம் நம்பர் சீட்டு மட்டும் மஞ்சளாக இருந்தது.

தேவசேனா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் முடிந்தது. பதிவு ஒழுங்காக அழிந்தது. 'அப்பாடா' என்று அவள் நிமிர்வதற்குள், அதே சீட்டில் புதிதாக ஒரு பதிவு வந்து உட்கார்ந்தது. அதே போன் நம்பர்.

போன வாரத்துக் குறிப்புகளையும் எடுத்துப் பார்த்தாள். வேறு சீட்டு, ஆனால் இதே நம்பர்.

"சார், புரோகிராம்ல கோளாறு இல்ல. யாரோ ஒரு ஆளு திரும்பத் திரும்பத் துண்டு போட்டுக்கினே இருக்காங்க."

கன்னையா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எதிர்க் கடைக்காரன்! வேற யாரு? நான் சீட்டு இல்லன்னு அனுப்பறவங்க எல்லாம் நேரா அவன்கிட்டதானே போறாங்க? அந்த நம்பரைக் குடு. நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்."

"இருங்க சார். மொதல்ல நான் பேசிப் பாக்கறேன்."

போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போனாள்.

"ஹலோ, டிராவல்ஸ்ல இருந்து பேசறேங்க... ஆமாங்க, அந்த சீட்டு விஷயந்தான்... ஐயோ, போலீஸ் எல்லாம் இல்லீங்க. பயப்படாதீங்க. எதுக்காகன்னு மட்டும் சொல்லுங்க."

மறுமுனையில் சொல்வதை அவள் கவனமாகக் கேட்டாள். கன்னையாவும் பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகம் மாறுவது மட்டும் தெரிந்தது.

"சரிங்க... புரியுதுங்க. இப்ப கையை எடுத்துடுங்க. அந்த சீட்டை நான் பாத்துக்கறேன். என்னை நம்புங்க."

கொஞ்ச நேரத்தில் இருபத்திரண்டு, காலி என்று காட்டும் பச்சைக்கு மாறியது. மறுபடி மஞ்சளாகவில்லை.

தேவசேனா கவுன்ட்டர் பக்கம் திரும்பி டிக்கெட் போடுகிறவரைக் கூப்பிட்டாள்.

"சின்னசாமி அண்ணா, நிக்கறவங்கள்ல பொம்பளைங்க யாராவது இருக்காங்களா?"

"ஒரு அம்மா இருக்காங்க. ஆனா அவங்களுக்கு முன்னால ரெண்டு பேரு நிக்கறாங்களே."

"பரவாயில்ல. அந்த அம்மாவுக்கே இருபத்திரண்டைப் போடுங்க."

கன்னையாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா நடக்குது இங்க? அவன் ஆளுதானே அது? சொல்லு!"

"இல்ல சார்." தேவசேனா லேப்டாப்பின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "தப்பு என் புரோகிராம்லதான்."

"இப்பத்தானே கோளாறே இல்லன்னே?"

"பக்கத்து சீட்டு இருபத்தொண்ணுல ஒரு பொண்ணு தனியா போவுது சார். தனியா போற பொண்ணு பக்கத்துல யார் வேணா உக்காரலாம்னு நான்தான் எழுதி வெச்சிருக்கேன். போன மாசம் ஒருத்தன் தூங்கற மாதிரி அது மேல கையைப் போட்டிருக்கான். அதுலேருந்து, பொண்ணுக்குக்கூடத் தெரியாம, அவங்க அம்மா கங்காதர நெல்லூர்ல வீட்ல போனும் கையுமா உக்காந்துக்கினு, பஸ்ஸு கெளம்பற வரைக்கும் அந்த சீட்டுக்குக் காவல் இருந்திருக்காங்க."