வலப்பக்க விளக்கு

"மேல நாலு லைட்ட வரிசையா மாட்டிருவோம் அண்ணாச்சி. மலையே பகல் மாதிரி தெரியும்" என்றான் பாக்கியசீலன்.

"மல தெரிய வேண்டாம் தம்பி. சக்கரத்துக்கு முன்னால தரை தெரிஞ்சாப் போதும்."

பேட்டையில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் பாக்கியசீலனுக்கு வாய் ஓயாது. எந்த வாடிக்கையாளரையும் சிரிக்க வைத்துத்தான் அனுப்புவான். காலையிலிருந்து இந்த அருணாசலத்திடம் மட்டும் அவன் பாச்சா பலிக்கவில்லை. பாபநாசத்துக்கு மேலே ஏலத் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறவர் அவர். அங்கே பாதை என்பது பேருக்குத்தான். பாதி தூரம் பாறைமேல் பாறையாக ஏறி இறங்க வேண்டும்.

"தரைக்கு ஹெட்லைட்டே இருக்குல்லா?"

"பாறையில ஏறும்போது வண்டி மூக்கத் தூக்கும். ஹெட்லைட்டு வானத்தப் பாக்கும். சக்கரத்துக்கு முன்னால கும்மிருட்டு."

"அப்படிச் சொல்லுங்க! பம்பருக்குக் கீழ ரெண்டு போடுதேன். மஞ்சக் கண்ணாடியே இருக்கட்டும். வெள்ளைன்னா, மேகம் எறங்குத நேரம் நம்ம கண்ணுலயே திருப்பி அடிக்கும்."

"சரி. இன்னொண்ணு வேணும். வலப்பக்கம், சைடு கண்ணாடிக்குக் கீழ, தரையப் பாத்து."

"வலப்பக்கம் பள்ளம்னு காலையிலதானே சொன்னிய? பள்ளத்துக்கு எதுக்கு அண்ணாச்சி லைட்டு? விழுந்தா எங்கன விழுந்தோம்னு பாக்கவா?"

சொல்லி முடிப்பதற்குள் அருணாசலத்தின் முகம் போன போக்கைப் பார்த்து பாக்கியசீலன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பள்ளத்துக்கு இல்ல தம்பி. அங்கன ஆளு நிக்கும்" என்றார் அவர். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எம் மருமகன் சிவகணேஷ் அங்கனதான் நின்னான்."

பாக்கியசீலன் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தான்.

"பாறையில வண்டி ஏறுதப்ப ஒராளு முன்னால எறங்கி நின்னு சத்தம் குடுக்கணும். அன்னைக்கு சாயங்காலமே மேகம் எறங்கிட்டு. ஆளே தெரியல, சத்தம் மட்டுந்தான் கேக்கு. அவனுக்கு நல்ல கணீர்னு குரலு. 'ரைட், ரைட்'டுன்னான். அவன் சொன்னபடியே வலப்பக்கம் ஒடிச்சேன். அவன் அங்கனயே நிக்கான்னு எனக்குத் தெரியாதே தம்பி! வண்டி இடிச்ச இடியில பள்ளத்துல போயிட்டான்."

பேட்டை ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"மக சங்கரி அதுக்கப்புறம் எங்கிட்ட ஒரே ஒரு வார்த்ததான் கேட்டா. 'ஏப்பா, அவர இருட்டு கொன்னுச்சா, நீங்க கொன்னியளா?' அவ்வளவுதான். அதோட பேச்சே கெடயாது. சோத்த வச்சுட்டு உள்ள போயிருதா. எனக்கு அவகிட்ட பதில் சொல்லணும் தம்பி. என்னன்னு சொல்லுவேன்?"

"நீங்க வேணும்னா செஞ்சிய? மனசப் போட்டு ஒழப்பாதிய" என்று சொல்லிவிட்டு, பாக்கியசீலன் வேலையைத் தொடங்கினான். வலப்பக்க விளக்குக்கு இருப்பதிலேயே நல்லதாக எடுத்தான். கோணத்தை மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தான். வேலையில் இவ்வளவு நேரம் அவன் வாய் மூடி இருந்ததைக் கேட்டால் அவன் பெண்டாட்டியே நம்பமாட்டாள்.

மாட்டி முடித்ததும் ஷட்டரை இழுத்து மூடி ஷெட்டை இருட்டாக்கினான். சுவிட்சைப் போட்டான். மஞ்சள் வெளிச்சம் ஜீப்பின் வலப்பக்கத் தரையில் பாய் விரித்தமாதிரி விழுந்தது.

அருணாசலம் எழுந்து போய் அந்த வெளிச்சத்துக்குள் நின்றார்.

"சீட்டுல ஏறி உக்காந்து பாரு தம்பி. நான் தெரியுதனா?"

பாக்கியசீலன் டிரைவர் சீட்டில் ஏறினான். "தெரியுதிய அண்ணாச்சி. கால் நகம் மொதக்கொண்டு தெரியுது."

"நல்லாப் பாரு. நிக்கது ஆளுன்னு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது அண்ணாச்சி."

அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த அழுகை அவருக்கு அப்போதுதான் வெடித்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே குலுங்கினார். பாக்கியசீலனுக்கும் கண் கலங்கிவிட்டது. இறங்கி வந்து ஷட்டரைத் தூக்கினான். பிறகு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மீந்த ஒயரைச் சுற்றி டேப் ஒட்ட ஆரம்பித்தான்.

டீயைக் கையில் பிடித்துக்கொண்டு அருணாசலம் கேட்டார். "இந்த லைட்டு அன்னைக்கு இருந்திருந்தா அவன் பொழச்சிருப்பாம்லா? நீயே சொல்லு. ஆமான்னு சொன்னீன்னா மககிட்டச் சொல்லிருவேன், இருட்டுதாம்மா கொன்னுச்சுன்னு."

"உங்க மருமகன் ரொம்ப நாளா உங்ககூட வண்டியில வந்துக்கிட்டிருந்தாரா அண்ணாச்சி?"

"எங்க? அன்னைக்குத்தான் மொத நாளு. வேல போயி வீட்டுல சும்மா கெடந்தான். நாந்தான் வாலேன்னு கூட்டிட்டுப் போனேன். அதுக்கு முந்தி எட்டு வருசம் டவுன் பஸ்ல கண்டக்டரு."

டேப் ஒட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. எட்டு வருடமாகப் படிக்கட்டில் நின்று 'ரைட், ரைட்' என்று சிவகணேஷ் கத்தியதற்கெல்லாம், வண்டி நேராகப் போகலாம் என்பதைத் தவிர வேறு அர்த்தமே இருந்ததில்லை.

"ஆமா அண்ணாச்சி, இருட்டுதான்" என்றான் பாக்கியசீலன், அவர் முகத்தைப் பார்க்காமல்.